சித்திரவதையிலும் வாய் திறக்காத தைப்பிங் மருமகள்: சிபில் கார்த்திகேசு நினைவு நாள்

கமுந்திங், ஜூன் 12 – ஜப்பானியர் ஆட்சியில் பேராக் மக்களுக்காகத் தன் உடலையும் உயிரையும் பணயம் வைத்த தாதி சிபில் கார்த்திகேசு மறைந்த நாள் இன்று. ஈப்போவோடும் பாப்பானோடும் சேர்த்தே அவரது பெயர் பேசப்படுகிறது. ஆனால், கமுந்திங்கின் பக்கத்து ஊரான தைப்பிங்குக்கும் அவர்மீது உரிமை உண்டு. அவரின் கணவரான தமிழ் மருத்துவர் ஏ.சி. கார்த்திகேசு பிறந்த ஊர் அதுதான்.

1899 செப்டம்பர் 3ஆம் தேதி சுமத்ராவின் மேடான் நகரில் ஒரு யுரேசியக் குடும்பத்தில் சிபில் பிறந்தார். அவரின் அண்ணன் மைக்கேல் பிறந்ததும் தைப்பிங்கில்தான். முதல் உலகப் போரில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் பெருமளவில் மடிந்த கல்லிப்போலி போர்முனையில், 1915இல் பிரிட்டிஷ் படைவீரராக அவர் உயிரிழந்தார். சிபில் தன் முதல் குழந்தைக்கு அண்ணனின் பெயரையே வைத்தார். அக்குழந்தையோ பிறந்து ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை.

மருத்துவர் கார்த்திகேசு இந்து, சிபில் கத்தோலிக்கர். சமய வேறுபாட்டால் எழுந்த எதிர்ப்பைக் கடந்து 1919 ஜனவரியில் கோலாலம்பூரில் இருவரும் மணந்தனர். 1926 முதல் ஈப்போ பிரூஸ்டர் சாலையில், அதாவது இன்றைய சுல்தான் இட்ரிஸ் ஷா சாலையில், கிளினிக் நடத்தினர். தாதியும் மருத்துவச்சியுமான சிபில் கந்தோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசியதால் சீனக் குடும்பங்களும் அவரை நம்பி வந்தன.

1941 டிசம்பரில் ஈப்போவில் குண்டுகள் விழுந்தபோது குடும்பம் பாப்பானுக்கு இடம் மாறியது. அங்கே 74ஆம் எண் கடைவீடே அவர்களின் மருந்தகமானது. பகலில் ஊர் மக்களுக்கு வைத்தியம் நடந்தது. இருட்டியதும் காட்டிலிருந்து வரும் ஜப்பானிய எதிர்ப்புப் படையினரின் காயங்களுக்கு ரகசியமாகக் கட்டுப் போடப்பட்டது. வானொலி வைத்திருப்பது குற்றமாக இருந்த அந்தக் காலத்தில், மறைத்து வைத்த வானொலியில் பிபிசி செய்திகளைக் கேட்டு நம்பிக்கையானவர்களுக்குச் சொல்லி வந்தார்.

1943இல் முதலில் கணவரும் பிறகு சிபிலும் கைதாகினர். கெம்பித்தாய் எனப்படும் ஜப்பானிய ராணுவப் போலீசார் அவரை அடித்தனர். வயிறு முட்டத் தண்ணீரைப் புகட்டி வதைத்தனர். முதுகெலும்பு சேதமடைந்தது. அப்படியும் அவர் ஒரு பெயரையும் சொல்லவில்லை. இறுதியில், ஏழு வயது மகள் டோனை அவர் கண்ணெதிரே கயிற்றில் கட்டி நெருப்புக்கு மேலே தொங்கவிட்டனர். அதன் பிறகும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. குழந்தை உயிர் பிழைத்தாள். சிபில் பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டார்.

அந்த ஆண்டுகள் தமிழர்களை வெவ்வேறு திசைகளில் இழுத்தன. தோட்டத் தொழிலாளர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு ஆயிரக்கணக்கில் மடிந்தனர். இந்திய விடுதலைக்காக இந்தியத் தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களும் பலர். துப்பாக்கி ஏந்தாத சிபிலின் போர் அவரின் மருந்துப் பெட்டிக்குள் இருந்தது.

1945இல் விடுதலையானபோது அவரால் நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் அங்கே அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற ஒரே மலாயாப் பெண் அவர்தான். ஆனால், சிறையில் பூட்ஸ் காலால் தாடையில் உதைபட்ட பழைய காயம் மீண்டும் சீழ்பிடித்து ரத்தத்தில் நச்சு பரவ, 1948 ஜூன் 12ஆம் தேதி 48 வயதில் காலமானார். ஸ்காட்லாந்தின் லானர்க்கில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல் 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, கத்தோலிக்க இடுகாட்டில் நல்லடக்கம் செய்யப்பட்டது.

ஈப்போ ஃபேர் பார்க் பகுதியில் ஒரு சாலைக்கு இன்று அவரின் பெயர். தினமும் அவ்வழியே செல்லும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்ப் பலகையின் கதையைச் சொல்ல வேண்டியது பெரியவர்களின் கடமை.