காலை ஐந்தரை மணிக் கணக்கு



சில வாரங்களுக்கு முன் நம் வாட்ஸ்அப் குழுவில் கீபோர்டு ஒன்று விற்பனைக்கு வந்தது. வாங்கி இரண்டு வருடம் ஆகியும் பத்து முறை கூட வாசிக்காத கீபோர்டு. அதை விற்க நினைத்த தம்பியை லிஃப்டில் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன். ஆபீஸ் வேலைக்கே நேரம் போதவில்லை, உங்களைப் போல ரிட்டயர் ஆனபிறகு பார்த்துக்கொள்கிறேன் என்றார். பதில் சொல்வதற்குள் அவருடைய மாடி வந்துவிட்டது. அன்று சொல்ல விட்டுப்போனதை இங்கே ஒரு மனிதரின் கதையாகச் சொல்கிறேன்.

அவர் பெயர் ஆண்டனி டிரல்லோப். 19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியர். மொத்தம் 47 நாவல்கள் எழுதியவர். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது தபால் இலாகா. 33 வருடம் அங்கே முழுநேர உத்தியோகம் பார்த்தார். இது போதாதென்று, சீசனில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் குதிரை ஏறி வேட்டைக்குப் போனார். மாலையில் கிளப்பில் சீட்டும் ஆடினார். அவருக்கும் ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான்.

1815 ஏப்ரல் 24 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா வக்கீல் தொழிலிலும் தோற்று, விவசாயத்திலும் தோற்றவர். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஹாரோ பள்ளியில், சேறு படிந்த செருப்போடு தினம் நடந்து வந்து படித்த ஏழைப் பையன் ஆண்டனி. எல்லாரும் ஒதுக்கினார்கள். 1834இல் கடன்காரர்களுக்குப் பயந்து குடும்பமே பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகருக்கு ஓடியது. அங்கே அப்பாவும் ஓர் அண்ணனும் படுத்த படுக்கை. இருவருக்கும் பணிவிடை செய்துகொண்டே அம்மா பிரான்சஸ் புத்தகம் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். வீடு விழிக்குமுன், காலை நான்கு மணிக்கே எழுத உட்கார்ந்துவிடுவார். அந்தக் காட்சியை மகன் மறக்கவில்லை. ஆனால் அதன்படி நடக்க அவருக்குப் பல வருடம் ஆயிற்று.

அந்த ஆண்டு நவம்பரில் லண்டன் தலைமைத் தபால் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். வயது 19, வருடச் சம்பளம் 90 பவுண்டு. முதல் ஏழு வருடம் அவரைப் போல மோசமான குமாஸ்தா இல்லை என்று பெயர் வாங்கினார். தினமும் தாமதம், மேலதிகாரியிடம் திட்டு, வேலை போய்விடுமோ என்ற பயம். தையற்காரருக்குத் தரவேண்டிய 12 பவுண்டு வட்டிக்காரர் கைக்கு மாறி, கடைசியில் 200 பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று. வட்டிக்காரர் ஆபீசுக்கே வந்து நிற்பாராம். பிறவியிலேயே ஒழுங்கானவர்களால்தான் இதெல்லாம் முடியும் என்று யாராவது சொன்னால், இந்த ஏழு வருடத்தை ஞாபகப்படுத்துங்கள்.

1841இல் அயர்லாந்துக்கு மாற்றல் கேட்டுப் போனார். யாரும் விரும்பாத இடம் அது. அவருக்கோ அங்கேதான் வாழ்க்கை தொடங்கியது. ஊர் ஊராகச் சுற்றி தபால் நிலையங்களைச் சோதிக்கும் வேலை நன்றாகப் பிடித்துப்போயிற்று. குதிரையில் ஏறி நரி வேட்டைக்குப் போகும் பழக்கமும் அங்கேதான் வந்தது. (இன்று அதை நாம் ரசிக்கமாட்டோம். அவர் காலத்தில் அது மதிப்பான பொழுதுபோக்கு.) 1844இல் ரோஸ் என்ற பெண்மணியை மணந்தார். 1847இல் முதல் நாவல் வெளிவந்தது. யாரும் வாங்கவில்லை. அடுத்ததும் அப்படியே. அவர் விடவில்லை.

1850களின் தொடக்கத்தில் கிராமத் தபால் வழிகளை ஒழுங்கு செய்ய இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதிக்கு அனுப்பினார்கள். தபால்காரர் நடக்கும் பாதையைக் குதிரையில் போய் அளப்பது வேலை. சராசரியாக நாளொன்றுக்கு 40 மைல் சவாரி. கடிதம் போட ஜனங்கள் தபால் நிலையம் வரை போவானேன், தெருவிலேயே பெட்டி வைக்கலாம் என்று அவர் எழுதிய யோசனையை ஏற்று, 1852இல் ஜெர்சி தீவில் தூண் வடிவத் தபால் பெட்டிகள் வைத்தார்கள். நாவலாசிரியர் ஆபீஸ் வேலையை ஏய்த்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

அதே சுற்றுப்பயணத்தில், சாலிஸ்பரி நகரத்து தேவாலயத்தின் அருகே உலாவியபோது தோன்றியதுதான் 'தி வார்டன்' என்ற நாவல். 1855இல் வெளிவந்தது. அந்த வருடக் கடைசியில் கைக்கு வந்த தொகை 9 பவுண்டு 8 ஷில்லிங் 8 பென்ஸ். அடுத்த நாவலை ரயிலில் போகும்போதே மடிப்பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார். மனைவி அதைப் படி எடுத்துக் கொடுத்தார்.

நம் ஊருக்கும் இவரால் ஒரு நன்மை உண்டு. 1858இல் எகிப்து வழியாக இந்தியத் தபாலை ரயிலில் கொண்டுபோக ஒப்பந்தம் பேச அனுப்பப்பட்டவர் இவரே. போகும்போது கப்பலில் கடுமையான குமட்டல். எழுதிக்கொண்டிருந்த தாளை மேசைமேல் விட்டுவிட்டு வாந்தியெடுக்க ஓடுவார், திரும்பி வந்து எழுதுவார். எகிப்தில் ஒரு நாவலை முடித்தார். மறுநாளே அடுத்ததைத் தொடங்கினார்.

1859இல் லண்டனுக்கு அருகே வால்தம் கிராஸில் குடியேறினார். அவருடைய தினசரி ஏற்பாடு இதுதான். காலை 5.30க்கு மேசையில் இருக்கவேண்டும். முதல் அரை மணி, நேற்று எழுதியதைப் படித்துப் பார்ப்பது. பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள். காலைச் சாப்பாட்டுக்கு உடை மாற்றப் போகும்போது மூன்று மணி நேர வேலை முடிந்திருக்கும். மீதிப் பகல் தபால் இலாகாவுக்கு. இரண்டரை மணிக்கு எத்தனை சொல் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

வங்கிக்காரனான என்னைக் கவர்ந்தது அவருடைய குறிப்பேடுதான். நாவல் தொடங்கும்போதே வாரவாரியாகக் கட்டம் போட்டு வைப்பார். ஒவ்வொரு நாளும் எத்தனை பக்கம் என்று அதில் பதிவார். சராசரி வாரத்துக்கு 40 பக்கம். எழுதாத நாளும் அதில் தெரியும். சும்மா இருந்த வாரம் கண்ணெதிரே முறைத்துக்கொண்டு நிற்கும். பழைய நாளில் எங்கள் கிளையில் டே புக் டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போகமுடியாது. நாலணா வித்தியாசத்தை அன்றே தேடினால் பத்து நிமிடத்தில் கிடைக்கும். மாதக் கடைசிக்குத் தள்ளினால் ராத்திரி முழுக்கத் தேடவேண்டும். நம் ஆசைகளை மட்டும் ஏன் கணக்கே எழுதாமல் வருடக் கடைசிக்குத் தள்ளுகிறோம்?

இன்னொன்றும் கவனியுங்கள். காலையிலேயே எழுத்துக் கடன் முடிந்துவிடுவதால், வேட்டைக்குப் போகும்போதும் சீட்டாடும்போதும் அவருக்கு மனம் உறுத்தவில்லை. நாமோ ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்தாலும் முடிக்காத வேலையை நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஓய்வும் இல்லை, வேலையும் இல்லை.

1864இல் எதிர்பார்த்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. 1867இல் வேலையை விட்டார். வயது 60 ஆகாததால் பென்ஷன் கிடையாது. காலை நேர எழுத்து அதற்குள் பென்ஷனுக்கு மேலாகச் சேர்த்துக் கொடுத்திருந்தது. 1882 டிசம்பர் 6 அன்று காலமானார். மறு வருடம் வெளிவந்த சுயசரிதையில், எழுத்தால் வந்த வருமானத்தைப் புத்தகவாரியாகக் கூட்டிக் காட்டியிருந்தார். 68,939 பவுண்டு 17 ஷில்லிங் 5 பென்ஸ். கடிகாரம் பார்த்து எழுதுவதும் ஒரு கலையா என்று பலர் முகம் சுளித்தார்கள், அவர் பெயரே சில காலம் மங்கியது. ஆனால் அந்த நாவல்களை இன்றும் அச்சிடுகிறார்கள், படிக்கிறார்கள்.

அவருடைய கணக்கில் ஒரு முக்கியமான பற்று உண்டு. 5.30க்கு அவரை எழுப்பிக் காபி கொடுத்தவர் ஒரு வயதான குதிரைக்காரர். அதற்காக வருடம் 5 பவுண்டு கூடுதல் சம்பளம். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட இவருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாக டிரல்லோப் ஒப்புக்கொண்டார். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் 36 வருட வேலைக்காலத்தில் காலை ஐந்து மணிக்கு எழுந்து எனக்குக் காபி போட்டவர் என் மனைவி. அவர் படிக்க ஆசைப்பட்ட புத்தகங்கள் அலமாரியிலேயே கிடந்தன. நான் அதைக் கவனித்ததுகூட இல்லை. இப்போது டிகாஷன் இறக்குவது என் பொறுப்பு. அந்த நேரத்தில் அவர் பால்கனியில் உட்கார்ந்து படிக்கிறார்.

நானும் ரிட்டயர் ஆனபிறகு என்று சொல்லி ஒரு புல்லாங்குழலை 30 வருடம் பரணில் வைத்தவன்தான். இறக்கியபோது குழல் நன்றாகவே இருந்தது. எனக்குத்தான் மூச்சு முன்போல் நிற்கவில்லை. தினம் கால் மணி நேரம் மொட்டை மாடியில் ஊதுகிறேன். காலண்டரில் டிக் போடுகிறேன். போன மாதம் 22 டிக். அன்று கால் மணியை எடுத்து வைத்திருந்தால் இன்று ஒரு வர்ணமாவது வாசித்திருப்பேன்.

தம்பி, உங்கள் கீபோர்டு இன்னும் விலை போகவில்லை என்று குழுவில் பார்த்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். புல்லாங்குழலுக்கு இல்லாத வசதி அதற்கு உண்டு. ஹெட்போன் மாட்டிக்கொண்டால் காலை ஐந்தரைக்கு வாசித்தாலும் சங்கத்துக்குப் புகார் வராது.