கடலைத் தேடி வந்தவரும் எங்கள் கரையும்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முள்ளிவாய்க்கால் கரையில் தெற்கிலிருந்து வந்த வான் ஒன்று நின்றது. பிள்ளைகள் அலையில் கால் நனைத்தார்கள். பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, இங்கே ஒரு பெரிய கப்பல் கிடந்ததாமே, அது எங்கே என்று விசாரித்தார். 2006 டிசம்பரில் இங்கே கரைதட்டிய ஃபரா 3 என்ற ஜோர்தானியக் கப்பலைத்தான் கேட்டார். போர் முடிந்த பிறகு அதைப் பார்க்கவென்றே பஸ்களில் ஆட்கள் வந்தார்கள். பழைய இரும்புக்காக அதை உடைத்துக்கொண்டுபோய்விட்டார்கள் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் வேறொன்றும் சொல்லவில்லை.

வீடு திரும்பும்போது ஆதர் சி. கிளார்க்கின் நினைவு வந்தது. அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது ஊடகக் கற்கைகள் விரிவுரை ஒன்றில். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இல் எழுதியவர் என்று விரிவுரையாளர் சொன்னார். அவர் வாழ்நாளின் பெரும்பகுதியை இலங்கையில் கழித்தார் என்பதும், கடலுக்காகவே இங்கு வந்தார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

கிளார்க் 1917 டிசம்பர் 16ஆம் திகதி இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் ராடார் பிரிவில் வேலை செய்தார். பிறகு எழுத்தாளரானார். விண்வெளியில் உடல் எடையற்று மிதக்கும் உணர்வுக்குப் பூமியில் மிக நெருக்கமானது சுழியோடுதல் என்று நம்பினார். 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியப் பவளப்பாறைகளை நோக்கிப் போகும் வழியில் அவருடைய கப்பல் கொழும்பில் சிறிது நேரம் நின்றது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றிய சுழியோடி றொட்னி ஜொங்க்லாஸை அப்போது சந்தித்தார். 1956இல் நண்பர் மைக் வில்சனுடன் திரும்பி வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார்.

அந்த ஆண்டு அவர்கள் திருகோணமலையில், கோணேசர் மலையின் அடியில் கடலுக்குள் இறங்கினார்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேச்சரத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். மிச்சமானவை கடலில் விழுந்தன. மீன் பார்க்கவும் படமெடுக்கவும் நீரில் இறங்கிய இந்த வெளிநாட்டார், செதுக்கிய தூண்களையும் கற்களையும் கடலடியில் கண்டார்கள். அங்கே வில்சன் கண்டெடுத்த லிங்கம் இன்று கோயிலில் வழிபாட்டில் இருக்கிறது. கிளார்க் அந்த அனுபவத்தை 1957இல் ஒரு நூலாக வெளியிட்டார். வில்சனோ பிற்காலத்தில் முருக பக்தராகி, சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் துறவியாக வாழ்ந்தார்.

1962இல் கிளார்க்கை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. நடக்கச் சிரமப்பட்டவருக்கு நீருக்குள் அந்தச் சிரமம் இருக்கவில்லை. ஹிக்கடுவையில் சுழியோடிப் பள்ளி ஒன்றை நடத்தினார். வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் இலங்கைக் கடலடியைப் பார்க்க வழிசெய்தவர்களில் அவர் முக்கியமானவர்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் கனக்கும். அவர் கடல் விடுமுறைக் கடலாக வளர்ந்த அதே காலத்தில் எங்கள் கடல் எங்களுக்கு மூடப்பட்டது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் சனங்கள் கரையைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். வடக்குக் கடலில் தொழிலுக்குத் தடை மேல் தடை வந்தது. ஒரே தீவின் ஒரு கரையில் சுழியோடிகள், மறு கரையில் படகைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் காத்திருந்த மீனவர்கள்.

இரண்டு கரைகளையும் ஒரே நாளில் அடித்தது 2004 டிசம்பர் 26. ஹிக்கடுவையில் கிளார்க்கின் பள்ளி அழிந்தது. முல்லைத்தீவில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

2007 டிசம்பரில், தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு, சக்கர நாற்காலியில் இருந்தபடி மூன்று விருப்பங்களைச் சொன்னார். வேற்றுலக உயிர்களுக்குச் சான்று கிடைக்க வேண்டும், உலகம் எண்ணெயை விட்டுத் தூய சக்திக்கு மாற வேண்டும், இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். யார் பக்கமும் அவர் பேசவில்லை. பிறந்தநாள் கழிந்து சரியாக ஒரு மாதத்தில், 2008 ஜனவரி 16இல், போர்நிறுத்த உடன்படிக்கை முடிவுக்கு வந்தது. மார்ச் 19இல் அவர் கொழும்பில் காலமானார். பொரளை மயானத்தில் சமயச் சடங்கு எதுவுமின்றி அடக்கம் செய்தார்கள்.

பதினான்கு மாதங்களில் போர் இந்தக் கரைக்கு வந்து முடிந்தது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. சேலைகளைக் கிழித்துத் தைத்த பைகளில் இந்த மணலைத்தான் நிரப்பி, பங்கரைச் சுற்றி அடுக்கினோம். செய்மதித் தொலைபேசி வழியாகத்தான் எங்கள் குரல்கள் வெளியே போயின. புலம்பெயர்ந்த உறவுகள் செய்மதித் தொலைக்காட்சியில் எங்களைத் தேடினார்கள். கிளார்க் கனவு கண்ட வேலையை அவை செய்தன. ஆனால் பார்த்தவர்களால் எங்களைக் காப்பாற்ற முடியவில்லை.

போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள் நந்திக்கடலோரம் இராணுவம் விடுமுறை விடுதி ஒன்றைத் திறந்தது. எங்கள் சாவு நடந்த இடத்தில் ஓய்வெடுக்க ஆட்களை அழைத்தார்கள். அதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. அதேவேளை இந்தக் கடலில் யாரும் குளிக்கக் கூடாது என்று நான் சொல்லவும் இல்லை. எங்கள் பிள்ளைகளும்தான் குளிக்கிறார்கள். அவர்கள் கடலுக்குப் பயந்து வளரக் கூடாது. என் அம்மா மட்டும் மே 18 தவிர வேறு நாளில் இந்தக் கரைக்கு வருவதில்லை.

கோணேசர் மலையடியில் அந்த இருவரும் அழகான கடலைத் தேடித்தான் இறங்கினார்கள். அங்கே கிடந்ததைக் கண்டதும், அது யாருடையது, ஏன் அங்கே கிடக்கிறது என்று அறிந்துகொண்டு, உலகத்துக்கும் சொன்னார்கள். இங்கே வருகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான். ஆனால் கேட்கிறவருக்குச் சொல்ல ஆள் வேண்டும். அன்று அந்தப் பெரியவர் கேட்டார். நான் கப்பலைப் பற்றி மட்டும் சொல்லி அனுப்பினேன். அடுத்தமுறை அப்படி அனுப்பமாட்டேன்.