சிபாரிசு எடுபடாத முதலமைச்சர்



செஞ்சிக்காரன் மலருக்குக் கட்டுரை எழுதுகிறான் என்றால் ராஜா தேசிங்கைத்தான் எழுதுவான் என்று எல்லாரும் நினைப்பீர்கள். 1714-ல் போர்க்களத்தில் மாண்ட அந்த இளைஞனுக்குக் கூத்தும் பாட்டும் ஏராளமாக இருக்கின்றன. கூத்துக் கட்ட முடியாத ஒரு மனிதரைப் பற்றி நான் எழுத ஆசைப்படுகிறேன். நம்ம ஊரிலிருந்து திண்டிவனம் போய், அங்கிருந்து புதுச்சேரிப் பக்கம் போனால் ஓமந்தூர் வரும். அந்த ஊர் விவசாயக் குடும்பத்தில் 1895-ல் பிறந்த ராமசாமி ரெட்டியார்தான் அவர்.

தம்பிமார்களுக்கு ஓமந்தூரார் என்றால் சென்னையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிதான் ஞாபகத்துக்கு வரும். 2010-ல் தலைமைச் செயலகமாகத் திறந்து, 2014-ல் மருத்துவமனையாக மாறிய கட்டடம் அது. இருக்கிற இடம் ஓமந்தூரார் அரசினர் தோட்டம். பெயருக்குரியவர் யாரென்று கேட்டால் பலருக்குத் தெரியாது. எனக்கே வேலைக்குப் போன பிறகுதான் தெரிஞ்சுது.

அவர் படித்தது திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில். பிறகு காங்கிரஸ், கதர், சிறை என்று அந்தக் காலத்து தேசபக்தர்கள் போன வழியிலேயே போனார். அன்றைக்கு செஞ்சி, திண்டிவனம், கடலூர், வடலூர் எல்லாமே ஒரே தென்னாற்காடு ஜில்லா. விழுப்புரம் மாவட்டம் 1993-ல்தான் பிரிந்தது. ரெட்டியார் வள்ளலார் வழியில் நின்றவர், ரமண மகரிஷியின் அன்பர். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலை நம்ம கோட்டையை ஒட்டித்தானே போகுது. எங்க ஊர் வழியாகப் போன மனுஷர் என்று நான் உரிமை கொண்டாடுவது அதனால்தான்.

1947 மார்ச்சில் பிரகாசம் மந்திரிசபை விழுந்தது. காமராஜர் தரப்பு ஆதரவோடு ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமரானார். முதலமைச்சர் என்ற பெயர் 1950-ல்தான் வந்தது. அந்த மாகாணத்தில் ஆந்திரப் பகுதியும் மலபாரும் தென்கன்னடமும் அடக்கம். ஆகஸ்ட் 15 அன்று சுதந்திரம் வந்தபோது இத்தனை பெரிய மாகாணத்துக்குத் தலைவராக இருந்தவர் நம்ம ஜில்லா விவசாயி.

பதவியில் இருந்தது இரண்டே வருஷம். அதற்குள் நடந்ததைப் பாருங்கள். தேவதாசி ஒழிப்புச் சட்டமும், தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசச் சட்டமும் 1947-ல் வந்தன. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல். அதே வருஷம் அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. கள்ளு, சாராய வருமானம் போனால் கஜானா காயும் என்று தெரிந்தே செய்தார்கள். 1949-ல் பாரதி பாடல்களின் உரிமையை அரசே வாங்கியது.

அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. 1948-ல் கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்டதும், பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்ததும், எதிர்த்தவர்களைச் சிறையில் தள்ளியதும் இவருடைய ஆட்சிதான். கை சுத்தமாக இருந்தாலும் கணக்கு தப்பலாம். அந்த இந்தி விஷயத்தில் அவர் தப்பு செய்தார் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அவர் பதவி போனது அதனால் அல்ல. சொந்தக் கட்சிக்காரர்கள் கொண்டுவந்த சிபாரிசுகளால். உத்தியோகம், பர்மிட், மாறுதல் என்று எம்.எல்.ஏ.க்கள் வந்து நின்றார்கள். அது ரேஷனும் கட்டுப்பாடும் இருந்த காலம். ஒரு பர்மிட் கிடைத்தால் ஒரு குடும்பம் பணக்காரக் குடும்பமாகிவிடும். ரெட்டியார் மசியவில்லை. அதிகாரிகள் வேலையில் கட்சிக்காரர்கள் தலையிடுவதை அவர் விடவில்லை. முணுமுணுப்பு வளர்ந்தது. ஆதரித்து உட்கார வைத்தவர்களே விலகினார்கள். 1949 ஏப்ரலில் இறங்கினார். குமாரசாமி ராஜா வந்தார்.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்லூரி முடித்து நான் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கிணற்றுக் கடன் மனுக்கள் வரிசைப்படி என் மேஜைக்கு வரும். ஒருநாள் ஒரு துண்டுச் சீட்டு வந்துச்சு, கீழே இருந்த ஒரு மனுவை மேலே வை என்று. வைத்தேன். எனக்குப் பைசா கிடைக்கல, நான் கேட்கவும் இல்லை. பயம், அவ்வளவுதான். அன்றைக்கு வரிசையில் முதலில் இருந்த பெரியவருக்கு அந்த வருஷம் கடன் இல்லாமல் போச்சு. அவர் வந்து என் மேஜை முன்னால் நின்று, என்னைத் திட்டாமல், அடுத்த வருஷம் எப்போ வரணும் தம்பி என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அந்தச் சீட்டைத் திருப்பி அனுப்பியிருந்தால் என்னை வேறு ஊருக்கு மாற்றியிருப்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது. ரெட்டியாருக்கோ மாகாணமே கைவிட்டுப் போச்சு.

பதவி போன பிறகு அவர் வடலூருக்குப் போனார். வள்ளலார் 1867-ல் சத்திய தருமச்சாலை தொடங்கிய ஊர் அது. அங்கே சுத்த சன்மார்க்க நிலையம் என்று ஏற்படுத்தி, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளியும் நடத்தினார். 1970-ல் காலமாகும் வரை பதவிக்காக அவர் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை.

ஓமந்தூரில் அரசு அவருக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. வேலையில் இருந்தவரை அங்கே போக எனக்குக் கால் வரவில்லை. ஓய்வு பெற்ற மறு வாரம் பஸ் ஏறிப் போனேன். ஒன்றும் செய்யவில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். சந்திப்புக்குப் புதுச்சேரி வழியாக வருகிற நண்பர்கள் ஓமந்தூரில் ஒரு அரை மணி நேரம் இறங்கிவிட்டு வாருங்கள். சாப்பாட்டுப் பந்திக்குள் செஞ்சி வந்து சேர்ந்துவிடலாம்.