அண்ணாவும் காஞ்சித் தொகுதியும்

கோயில்களாலும் பட்டாலும் புகழ்பெற்ற காஞ்சி மாநகர், நம் காலத்தில் இன்னொரு பெருமையும் பெற்றது. அறிஞர் அண்ணா பிறந்த ஊர் என்பதே அது. 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், எளிய நெசவாளர் குடும்பம் ஒன்றில் நடராசனுக்கும் பங்காரு அம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார். அவரை வளர்த்து ஆளாக்கியவர் இராசாமணி அம்மையார். தறியோசை கேட்காத தெரு அந்நாளைய காஞ்சியில் அரிது. அண்ணாவின் செவியில் முதலில் விழுந்த ஓசைகளுள் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

பச்சையப்பன் பள்ளியில் பயின்றார். குடும்பத்தின் வறுமை காரணமாகப் படிப்பை இடையில் நிறுத்தி, காஞ்சி நகராட்சியில் சில திங்கள் எழுத்தராகப் பணிபுரிந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, பொருளியலும் அரசியலும் கற்றுப் பட்டம் பெற்றார். பெரியாரைச் சந்தித்தது, நீதிக்கட்சியில் சேர்ந்தது, 1942இல் காஞ்சியிலிருந்து ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கியது, 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் கண்டது ஆகியவற்றை நம் மாணவர்கள் பாடநூல்களிலேயே படித்திருப்பார்கள். அவற்றை இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. அண்ணாவுக்கும் அவர் நின்ற தொகுதிகளுக்கும் இருந்த உறவைப் பற்றி யாரும் அதிகமாக எழுதுவதில்லை. அதைத்தான் எழுத விரும்புகிறேன்.

தேர்தல் களத்தில் அண்ணாவின் முதல் அனுபவம் தோல்வியே. 1930களின் நடுவில், நீதிக்கட்சியின் சார்பில் சென்னை மாநகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். 1949இல் பிறந்த கழகம், 1952 பொதுத்தேர்தலில் போட்டியிடவில்லை. அடுத்த ஆண்டு கைத்தறி நெசவு நொடிந்து, நெசவாளர் குடும்பங்கள் பட்டினியில் வாடியபோது, அண்ணாவும் அவர் தோழர்களும் துணிமூட்டைகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். காஞ்சியில் பிறந்தவருக்கு அது வெறும் அரசியல் நிகழ்ச்சியாக இருந்திருக்க முடியாது. 1956இல் திருச்சி மாநாட்டில், தேர்தலில் ஈடுபடலாமா வேண்டாமா என்று வந்திருந்த தொண்டர்களிடமே வாக்கெடுத்தார்கள். ஈடுபடலாம் என்பதே பெரும்பான்மை.

1957இல் அண்ணா காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் நின்று வென்றார். கழகத்தின் சார்பில் பதினைந்து பேர் சட்டமன்றம் புகுந்தனர். அன்றைக்கு வாக்களிக்கும் முறையே வேறு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டியிருப்பார்கள். முத்திரை குத்தும் வாக்குச்சீட்டு முறை 1962இல்தான் நாடெங்கும் பரவலாக வந்தது.

பதினைந்து பேர்தானே என்று ஆளுங்கட்சி அலட்சியமாக இருந்துவிடவில்லை. முதலமைச்சர் காமராசர் தேர்தல் கலையில் தேர்ந்தவர். அந்தப் பதினைந்து பேரும் மறுபடி வரக்கூடாது என்று குறிவைத்து, தொகுதி தொகுதியாக வேலை நடந்தது. காஞ்சியில் அண்ணாவை எதிர்த்துப் பேருந்து உரிமையாளரான நடேச முதலியார் நிறுத்தப்பட்டார். மேடைப் பேச்சில் அவர் அண்ணாவுக்கு நிகரல்லர். ஆனால் உள்ளூரிலேயே இருப்பவர், ஆள்பலமும் வசதியும் உடையவர். அண்ணாவோ கட்சியின் தலைவர் என்ற முறையில் மாநிலம் முழுவதும் சுற்றவேண்டியவராக இருந்தார். இரவெல்லாம் வேறு ஊர்களில் பேசுகிறவர், பிள்ளையார்பாளையத்தில் வீடுவீடாகச் செல்வது எப்படி? தொகுதியில் பணம் தாராளமாக விளையாடியதாகவும் கழகத்தார் அன்று குறைகூறினர்.

1962 பிப்ரவரியில் முடிவு வந்தது. கழகம் பதினைந்திலிருந்து ஐம்பதாக உயர்ந்தது. ஆனால் அந்த வெற்றிக்குக் காரணமானவர், தம் சொந்த ஊரில், ஏறத்தாழ ஒன்பதாயிரம் வாக்குகளில் தோற்றார். பழைய பதினைந்து பேரில் பதினான்கு பேர் வீழ்ந்தனர். குளித்தலையை விட்டுத் தஞ்சைக்குச் சென்று நின்ற கலைஞர் கருணாநிதி ஒருவரே மீண்டு வந்தார். ஊரார் அண்ணாவை வெறுத்ததால் அவர் தோற்றார் என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாநிலமெங்கும் பெயர் பரவுவது வேறு, ஒரு தொகுதியில் பாதிக்குமேல் வாக்குத் திரட்டுவது வேறு.

இது காஞ்சிக்கு மட்டும் உரிய கதையும் அன்று. தேர்தல் நூலார், தொகுதிகளைப் பாதுகாப்பான தொகுதி, இழுபறித் தொகுதி என்று பகுத்துப் பேசுவர். ஆஸ்திரேலியாவில் இதற்குக் கணக்கே வகுத்து வைத்திருக்கிறார்கள். விருப்ப வாக்குகளைப் பங்கிட்டு இருவர் மட்டும் எஞ்சும் நிலையில், வென்றவர் நூற்றுக்கு 56க்கும் குறைவாகப் பெற்றிருந்தால் அது இழுபறித் தொகுதி. 60க்கு மேல் பெற்றிருந்தால் பாதுகாப்பானது. இடைப்பட்டது ஓரளவு பாதுகாப்பானது. இவ்வளவு கணக்கிருந்தும் அந்நாட்டில் 1929இல் பிரதமர் ஸ்டான்லி புரூசும், 2007இல் பிரதமர் ஜான் ஹோவர்டும் பதவியில் இருந்தபடியே தத்தம் தொகுதிகளில் தோற்றுப் போனார்கள். 

தோல்விக்குப் பின் அண்ணா ஓய்ந்திருக்கவில்லை. அதே 1962இல் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, தில்லியில் தம் ஆங்கிலப் புலமையால் வடநாட்டாரும் வியக்கும் வண்ணம் முழங்கினார். நம் பார்வைக்கு அதைவிட முக்கியமானது, அவர் வாக்குக் கணக்கைப் படித்த விதம். 1962இல் காங்கிரஸ் பெற்றது நூற்றுக்கு 46 வாக்குகளே. ஆயினும் 206 இடங்களில் 139 அதற்குக் கிடைத்தன. எதிர் வாக்குகள் கழகம், கம்யூனிஸ்டு, சுதந்திரா என்று பல பக்கம் சிதறியதே காரணம். ஆகவே கொள்கையில் தம்மோடு முற்றும் மாறுபட்ட இராசாசியின் சுதந்திராக் கட்சியோடும், மார்க்சிஸ்டுகளோடும், முஸ்லிம் லீக்கோடும் உடன்பாடு கண்டார். இதைச் சந்தர்ப்பவாதம் என்று பழித்தவர்கள் உண்டு. அந்தப் பழியில் சிறிது உண்மையும் இருக்கலாம். ஆனால் சிதறிய வாக்கு ஆட்சியைத் தராது என்பதை அவர் சொந்தத் தோல்வியிலும் பார்த்திருந்தார்.

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசிப் பஞ்சமும் மக்கள் மனத்தை மாற்றியிருந்தன. 1967 தேர்தலில் காங்கிரஸ் பெற்ற வாக்கு 46இலிருந்து 41 விழுக்காடாகத்தான் குறைந்தது. இடங்களோ 139இலிருந்து 51 ஆகச் சரிந்தன. மொத்த இடங்கள் அப்போது 234. கழகம் 174 இடங்களில் நின்று 137இல் வென்றது. வியப்பு என்னவென்றால், மாநிலம் முழுவதும் கூட்டிப் பார்த்தால் கழகத்தின் வாக்கு காங்கிரசைவிடச் சற்றே குறைவு! கழகம் எல்லாத் தொகுதியிலும் நிற்கவில்லை என்பதை நினைவில் வைத்தே இக்கணக்கைப் படிக்கவேண்டும். ஐந்து விழுக்காட்டுச் சரிவில் எண்பதுக்கு மேற்பட்ட இடங்கள் போயின என்றால், அவற்றுள் எத்தனை, மேலே கோட்டையாகத் தோன்றி உள்ளே இழுபறியாக இருந்தவை என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

விருதுநகரைவிட உறுதியான கோட்டை காமராசருக்கு இருக்கமுடியுமா? அங்கே மாணவர் தலைவர் சீனிவாசனிடம் அவர் 1,285 வாக்குகளில் தோற்றார். 643 பேர் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். காஞ்சிக்கு அண்மையில் திருப்பெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார். காமராசர் தோற்ற செய்தி அறிந்து அண்ணா மகிழவில்லை, வருந்தினார் என்பர். ஐந்தாண்டுக்கு முன் சொந்த ஊரில் தாம் பட்டதை அவர் மறந்திருக்க மாட்டார்.

அண்ணா அந்தத் தேர்தலில் காஞ்சியில் நிற்கவில்லை. தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் நின்று வென்றிருந்தார். கழகம் ஆட்சியைப் பிடிக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 1967 மார்ச் 6ஆம் நாள் முதலமைச்சராகப் பொறுப்பேற்றபின், மக்களவை இடத்தைத் துறந்து, சட்ட மேலவை உறுப்பினரானார். சுயமரியாதைத் திருமணச் சட்டம், இருமொழிக் கொள்கை, தமிழ்நாடு என்னும் பெயர் ஆகிய எல்லாம் இரண்டாண்டுக்குள் நடந்தன. பெயர் மாற்றம் 1969 சனவரி 14இல் நடைமுறைக்கு வந்தது. அதே சனவரியில் காமராசர் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குச் சென்றார்.

புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த அண்ணா, 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். கடற்கரையில் அவரை அடக்கம் செய்தார்கள். காஞ்சிபுரம் வாக்காளர்கள் அவர் பெயருக்கு நேரே முத்திரை குத்தும் வாய்ப்பு 1962க்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை.