ஜி. டி. நாயுடுவும் பேட்டரிக் கட்டையும்

பரிசளிப்பு விழா மலருக்குப் பெரியோர் ஒருவரின் வரலாறு எழுதித் தர வேண்டும் என்றார்கள். அரசியல் தலைவர்களும் புலவர்களும் முன்னைய மலர்களில் வந்துவிட்டார்கள். ஆகவே இந்த ஆண்டு கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களை எடுத்துக்கொண்டேன். பாட்டன் பாட்டிமாருக்கு இந்தப் பெயர் தெரியும். வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தேன். ஒரு கைகூட உயரவில்லை.

கோவைக்கு அருகில் கலங்கல் என்ற சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்தவர் துரைசாமி. தந்தையார் கோபால்சாமி நாயுடு, விவசாயி. பையனுக்குப் பள்ளிக்கூடம் கசந்தது. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுபோயிற்று. (மாணவர்கள் இந்த வரியோடு மலரை மூடிவிட வேண்டாம். பிற்காலத்தில் அவர் தாமாகவே படித்ததைக் கணக்கெடுத்தால் நாம் யாரும் அவரோடு போட்டி போட முடியாது.)

ஒரு நாள் வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மாடு இல்லாமல், மிதிக்காமல், தானாக ஓடுகிற வண்டி! இளைஞருக்கு மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது. அப்படி ஒன்றை வாங்கியே தீருவது என்று கோவைக்குப் போய் ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தை வருடக்கணக்காகச் சேர்த்து மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றினாரா என்றால் இல்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டுவிட்டார்! பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டினார். மெக்கானிக் வேலையை அவர் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

1920-ல் கோவையின் ஸ்டேன்ஸ் துரை உதவி செய்ய, ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் சில ஆண்டுகளில் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. அதற்கென்று சொந்தப் பட்டறைகளும் ஏற்பட்டன.

பஸ் பட்டறை என்றதும் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. வண்டிக்குள் ஒரு பேட்டரி இருக்கிறது. அதில் கண்ணாடித் தம்ளர் போல அறை அறையாக இருக்கும். ஓர் அறைக்கு 2 வோல்ட்டு. மூன்று அறை என்றால் 6 வோல்ட்டு, ஆறு அறை என்றால் 12. இதற்குச் சார்ஜ் ஏற்றுவது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் டைனமோ. அதில்தான் வம்பு. பஸ் ஊர்ந்து போனால் டைனமோவின் வோல்ட்டு பேட்டரியைவிடக் குறைந்துவிடும். மேட்டில் ஏற்றிய தண்ணீர் குழாய் வழியே திரும்பி வடிகிற மாதிரி, பேட்டரியில் இருக்கிற மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பி ஓடத் தொடங்கும். பஸ் வேகமெடுத்தாலோ வோல்ட்டு அளவுக்கு மீறி ஏறும். பேட்டரித் தண்ணீர் குமிழ் விட்டு வற்றும், பல்பு கருகும்.

இதற்கு அக்காலத்து மோட்டார்க்காரர்கள் இரண்டு காவல் வைத்தார்கள். ஒன்று கட்-அவுட். டைனமோவின் வோல்ட்டு பேட்டரியை மிஞ்சினால்தான் அது கதவைத் திறக்கும், குறைந்தால் சாத்திவிடும். மற்றது ரெகுலேட்டர். வோல்ட்டு வரம்பைத் தாண்டினால் டைனமோவின் காந்தச் சுருளுக்குப் போகும் மின்சாரத்தை அது குறைக்கும். இறங்கினால் திரும்ப விடும். சின்ன இரும்புத் தகடு ஒன்று விநாடிக்குப் பலமுறை படபடவென்று அடித்துக்கொண்டு இந்தக் காரியத்தைச் செய்தது. 12 வோல்ட்டு பேட்டரிக்குச் சார்ஜ் வரம்பு ஏறக்குறைய 14.4 வோல்ட்டு. இன்றைக்கு அந்தத் தகட்டின் வேலையை நகக்கண் அளவு சில்லு ஒன்று செய்கிறது. கணக்கு அதே கணக்குத்தான்.

பெற்றோர்களுக்கு இது தூரத்துச் சமாச்சாரம் அல்ல. விடியுமுன் மரம் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவு விளக்குகள் பலவற்றில் இரண்டு அறை ஈய பேட்டரி இருக்கிறது, 4 வோல்ட்டு. 4.8 வோல்ட்டை எட்டியதும் சார்ஜ் நிற்க வேண்டும் அல்லது குறைய வேண்டும். ஆனால் விலை மலிவுக்காக அந்தக் காவலையே வைக்காமல் விற்றுவிடுகிறார்கள். இராத்திரி முழுக்கச் சொருகி வைத்தால் உள்ளே இருக்கிற ஈரம் வற்றி, ஆறே மாதத்தில் விளக்கு மங்கும். அதற்காகச் சார்ஜ் இறங்கிய விளக்கை லீவு முழுக்க அப்படியே போட்டு வைத்தாலும் கெடும். தகட்டில் உப்புப் படிந்து இறுகிவிடும். லித்தியம் பேட்டரி போட்ட விளக்கானால் 4.2 வோல்ட்டு மேல் எல்லை, 3 வோல்ட்டு வாக்கில் கீழ் எல்லை. இரண்டையும் பார்த்துக்கொள்ள உள்ளே சிறு பலகை ஒன்று இருக்கும். அது இல்லாத பேட்டரி தீப்பிடிக்கவும் கூடும். விளக்கு வாங்கும்போது இரண்டு வெள்ளி கூடப் போனாலும் சார்ஜ் தானாக நிற்கிற வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

நாயுடு அவர்களிடம் திரும்புவோம். 1930-களில் அவர் ஐரோப்பா போனார். கையில் சினிமாக் கேமரா. 1936-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைக்கூடப் படமெடுத்தார். ஜெர்மானியர்களின் தொழில் நேர்த்தி அவருக்குப் பிடித்துப்போயிற்று. ‘ரேசண்ட்’ என்ற பெயரில் அவர் கொண்டுவந்த சவரக் கருவிக்கு ஜெர்மனியின் ஹைல்புரோன் கூடு. உள்ளே சின்னஞ்சிறு மோட்டார். அதை ஓட்டியது டார்ச் லைட்டில் போடுகிறோமே, அதே ஜாதிப் பேட்டரிக் கட்டை!

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடனே விளங்காது. மாணவர்களைச் சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போனபோது, சைனாடவுனில் மாரியம்மன் கோயிலைக் கும்பிட்டுவிட்டுப் பக்கத்துக் கடைத்தெருவில் நடந்தோம். ஒரு கடையில் உள்ளங்கையில் அடங்குகிற சவர மிஷின்கள் குவிந்து கிடந்தன. இதில் என்ன அதிசயம் சார் என்று ஒரு மாணவன் கேட்டான். அங்கேயே நின்று விளக்க நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

புதுக் கட்டை ஒன்றின் வோல்ட்டு 1.5. ஓட ஓட அது 1.2, 1.1, 0.9 என்று இறங்கிக்கொண்டே போகும். கூடவே கட்டைக்குள் இருக்கிற தடையும் ஏறும். மோட்டாரோ கிளம்புகிற கணத்தில்தான் மின்சாரத்தை அதிகம் இழுக்கும். தேய்ந்த கட்டையிலிருந்து அப்படி இழுத்தால் வோல்ட்டு அங்கேயே படுத்துவிடும். பாதி முகத்தில் கத்தி நின்றுவிடும். சைனாடவுன் கடை மிஷினில் இருக்கிற சில்லு, உள்ளே வருகிற வோல்ட்டு ஏறினாலும் இறங்கினாலும் மோட்டாருக்குப் போவதை ஒரே அளவில் நிறுத்தி வைக்கும். நாயுடு காலத்தில் டிரான்சிஸ்டரே பிறக்கவில்லை; அது வந்தது 1947-ல். ஆகவே கட்டையில் இயங்கும் கருவி செய்கிறவர் மோட்டாரின் பசியைத்தான் குறைத்தாக வேண்டும். அச்சு உராயாமல் சுற்ற வேண்டும், அலகு மெல்லியதாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும். மிக மெல்லிய சவர பிளேடு ஒன்றும் அவர் கண்டுபிடிப்புகளில் சேர்ந்தது.

தேய்ந்த கட்டையை நம் தாத்தாமார் வெயிலில் காய வைப்பார்களே, நினைவிருக்கிறதா? அதில் உண்மை கொஞ்சம் உண்டு. சூட்டில் உள்ளே இருக்கிற இரசாயன வேலை சற்று சுறுசுறுப்பாகும், ஓய்வும் கிடைக்கும். புதுச் சார்ஜ் ஏறுவதில்லை. அந்தச் சாதாரணக் கட்டையைச் சார்ஜரில் போடவே கூடாது. வீங்கி ஒழுகும், வெடிக்கவும் செய்யும்.

இன்னும் எத்தனையோ செய்தார். டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து 1937-ல் இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஏமாற்ற முடியாத வாக்குப்பதிவு மிஷின் என்று பட்டியல் நீளும். 1936-ல் தேர்தலில் நின்று தோற்றதும் உண்டு. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். ரேடியோ பணக்காரர் வீட்டுச் சாமானாக இருந்த காலம் அது.

1945-ல் கோவையில் சர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அவர் முயற்சியால் எழுந்தன. கவர்னர் பெயர் வைத்த கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர், ஆரம்பப் பள்ளி மட்டும் படித்த நாயுடு! நான்கு வருடப் படிப்பு காலவிரயம், கையில் கருவியைக் கொடுத்தால் குறைந்த காலத்திலேயே கற்பிக்கலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார். அந்தக் கல்லூரிதான் பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. என்னைக் கேட்டால், கணக்கும் தத்துவமும் கற்க நாள் பிடிக்கத்தான் செய்யும். அந்த அளவில் அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் சம்பாத்தியத்தை எதிர்பார்த்துக் குடும்பம் காத்திருக்கிற ஏழைப் பிள்ளைக்கு நான்கு வருடம் எவ்வளவு நீளம் என்பது நாயுடுவுக்குத் தெரிந்திருந்தது. நம் தோட்டத்துப் பெற்றோருக்கும் தெரியும்.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். சாதாரணக் குடும்பம் எட்டிப் பிடிக்கலாம் என்று ஆசைப்படக்கூடிய விலை. தொடர்ந்து தயாரிக்க அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டும். அது கிடைக்கவில்லை. வெள்ளைக்கார ஆட்சியோடு மல்லுக்கு நின்றவருக்குச் சொந்த ஆட்சியிலும் கதவு சாத்தியே கிடந்தது. கார் அத்தோடு நின்றது. அவரை ஆதரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கோவைக்காரர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

நாயுடு அவர்கள் 1974 ஜனவரி 4ஆம் நாள் காலமானார். வயது 80. கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் உள்ள காட்சிக்கூடத்தில் அவர் செய்தவையும் சேகரித்தவையும் வைக்கப்பட்டுள்ளன. அதே சாலையில் 2025-ல் திறந்த நீண்ட மேம்பாலத்துக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். சொந்த ஊர் பார்க்கத் தமிழ்நாடு போகும் குடும்பங்கள் பழனிக்குப் போவது வழக்கம். கோவை வழியாகப் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம்.