தோலையும் மரப்பட்டையையும் ஆராய்ந்த டாக்டர்

மண்வெட்டி பிடிப்பவரின் உள்ளங்கை காய்த்துப் போகும். பட்டையை உரித்த மரக்கிளையில், உரித்த இடத்துக்கு மேலே தடிப்பு உண்டாகும். மனிதத் தோலையும் மரப்பட்டையையும் ஆராய்ந்து இந்த இரகசியங்களுக்கு வழி காட்டியவர் ஒருவரே. அவர் பெயர் மார்செல்லோ மால்பிகி.

இத்தாலி நாட்டில், பொலோனா நகருக்கு அருகே 1628-ம் ஆண்டு மால்பிகி பிறந்தார். 21-வது வயதில் பெற்றோரை இழந்தார். தம்பி, தங்கைகளைக் காப்பாற்றும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. படிப்பு தடைப்பட்டது. ஆனாலும் அவர் தளரவில்லை. 1653-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

தோலுக்கு அடியில்

அந்தக் காலத்து டாக்டர்கள் பலர் பழைய நூல்களையே நம்பினார்கள். மால்பிகியோ, பொருளைப் பெருக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப்பை நம்பினார்.

மேல்தோலுக்கு அடியில் மிருதுவான படலம் ஒன்று இருப்பதை அவர் கண்டார். அதை 1665-ல் எழுதி வெளியிட்டார். அந்தப் படலத்துக்குப் பிற்காலத்தில் அவர் பெயரையே வைத்தார்கள்.

புதிய தோல் அங்கேதான் உண்டாகிறது என்பது பின்னர் தெரிய வந்தது. ஓயாமல் உராய்ந்தால் அது வேகமாக உண்டாகும். மேலே வந்து, உயிரற்று, கெட்டியாகி, அடுக்கடுக்காகச் சேரும். அதுதான் காய்ப்பு. உள்ளே இருக்கும் மென்மையான சதையைக் காக்கும் கவசம் அது.

மரம் சொன்ன பாடம்

பிறகு மால்பிகி மரங்களை ஆராய்ந்தார். மரத்தின் பட்டையை வளையம் போல உரித்துவிட்டுக் காத்திருந்தார். வெட்டுக்கு மேலே மரம் பருத்தது. இலையில் தயாராகும் உணவு, பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. வழி அடைபட்டதால் அது மேலேயே தேங்கியது. செடி கொடிகளைப் பற்றிய அவருடைய நூல் 1675-லும் 1679-லும் இரண்டு பாகங்களாக லண்டனில் அச்சாகியது.

எதிர்ப்பு

வெளிநாடு அவரைப் போற்றியது. சொந்த ஊரிலோ எதிர்ப்பு! மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதால் நோயாளிக்கு என்ன பயன் என்று சக டாக்டர்களே குறை கூறினார்கள். 1684-ல் அவர் வீடு தீப்பற்றியது. கருவிகளும் எழுதி வைத்த தாள்களும் அழிந்தன. அப்போது அவருக்கு 56 வயது. இருந்தும் ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை.

1691-ல் போப்பாண்டவரின் டாக்டராக ரோம் நகருக்குச் சென்றார். 1694-ல் அங்கேயே காலமானார்.

இன்று உடம்பில் சந்தேகமான கட்டி தோன்றினால், அதில் சிறு துணுக்கை எடுத்து டாக்டர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். தோட்டக்காரர்கள் மாதுளைக் கிளையின் பட்டையை வளையமாக நீக்கிப் பதியம் போடுகிறார்கள். வெட்டுக்கு மேலே வேர் விடுகிறது.

என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு இவையே பதில்.