செத்தும் கொடுத்த கீழக்கரை வள்ளல் சீதக்காதி

கொடையைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் முதலில் வரும் பெயர் சீதக்காதி. 2018இல் அந்தப் பெயரில் ஒரு திரைப்படம் வந்ததால் இன்றைய பிள்ளைகளுக்கும் அது அறிமுகமாகியிருக்கிறது. ஆனால் அவர் யார், என்ன செய்தார் என்று கேட்டால் நம்மில் பலரும் மோதிரக் கதையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அவருடைய இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். அதுவே தமிழர் நாவில் சீதக்காதி ஆனது. ராமநாதபுரம் கடற்கரையிலுள்ள கீழக்கரையில், கப்பல் வணிகம் செய்த மரைக்காயர் குடும்பத்தில் பிறந்தவர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும், நெல்லும் மிளகும் துணியும் அன்று மரைக்காயர்களின் கப்பல்களில் கடல் கடந்து போயின.

அப்போது சேதுநாட்டை ஆண்டவர் கிழவன் சேதுபதி என்ற ரகுநாத சேதுபதி. அவருக்கு நெருங்கிய நண்பராகவும் ஆலோசகராகவும் நம் வள்ளல் இருந்தார். சேதுபதி தம் பெயரையே சேர்த்து விஜயரகுநாத பெரியதம்பி மரைக்காயர் என்ற பட்டத்தை அவருக்கு அளித்ததாக வரலாறு சொல்கிறது. இந்து மன்னர் ஒருவர் முஸ்லிம் வணிகர் ஒருவரை இப்படி அருகில் வைத்துக்கொண்டது அன்றைய டச்சுக் கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. முத்துக்குளிப்பையும் கடல் வணிகத்தையும் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ள நினைத்த அவர்களுக்குப் பெரியதம்பி மரைக்காயரின் செல்வாக்கு பெரும் இடைஞ்சலாக இருந்தது.

இவ்வளவு செல்வமும் செல்வாக்கும் இருந்தும், மக்கள் அவரை நினைவில் வைத்திருப்பது அவர் கொடுத்ததற்காகத்தான். கடும் பஞ்சம் வந்து நெல் பொன்னின் விலைக்கு விற்ற காலத்திலும் அவர் வீட்டில் உலை அணையவில்லை, சாதி சமயம் பாராமல் சோறு போட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சைவரான படிக்காசுப் புலவர் இவரைப் புகழ்ந்து பாடியிருக்கிறார். சீதக்காதி நொண்டி நாடகம் என்றே ஒரு நாடக நூல் இவர் பெயரில் இருக்கிறது. கீழக்கரையில் திராவிடக் கட்டடக் கலை முறைப்படி கல்லால் எழுந்த பழைய ஜும்ஆப் பள்ளியையும் அவருடைய பணியாகவே ஊர் போற்றுகிறது.

ஆனால் இவை எல்லாவற்றையும் விட நீண்டு நிற்கும் கொடை ஒன்று உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையைத் தமிழில் பெருங்காப்பியமாகப் பாட வேண்டும் என்று அவர் விரும்பினார். எட்டயபுரம் அரசவைப் புலவரான உமறுப் புலவரிடம் அந்தப் பணியை ஒப்படைத்தார். புலவருக்குத் தமிழ் கைவந்த கலை. நபி வரலாற்றுக்கான அரபு மூலங்களை விளக்கிச் சொல்ல ஆலிம் ஒருவர் வேண்டும். அதற்காகப் புலவர் நாடிச் சென்றவர், மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா. கீழக்கரையில் வாழ்ந்த அந்த மகான் வள்ளலுக்கும் வழிகாட்டியாக விளங்கியவர். ஒருவர் பொருள் தர, ஒருவர் இல்ம் தர, ஒருவர் தமிழ் தர உருவானதே சீறாப்புராணம்.

காப்பியம் முடியுமுன் சீதக்காதி வஃபாத்தாகிவிட்டார். தாம் ஆசைப்பட்ட நூலின் அரங்கேற்றத்தைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆதரித்தவர் போனதும் பணியும் நின்றுபோயிருக்கலாம். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து புலவரைத் தாங்கினார். நூலும் அரங்கேறியது. மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5027 பாடல்கள். அவற்றில் பல இடங்களில் புலவர் நன்றியோடு போற்றுவது அபுல் காசிமைத்தான். விதை போட்டவர் ஒருவர், நீர் ஊற்றி விளைவித்தவர் ஒருவர். இருவருடைய கூலியும் அல்லாஹ்விடம் இருக்கிறது.

வள்ளல் இறந்தபின் தேடி வந்த புலவர் ஒருவர் கப்ரின் அருகே நின்று அழ, உள்ளிருந்து கை நீண்டு மோதிரம் தந்தது என்று கதை சொல்வார்கள். செத்தும் கொடுத்தவர் என்ற பெயருக்கு அதையே காரணமாகக் காட்டுவார்கள். நமக்கு அந்தக் கதை தேவையில்லை. 300 ஆண்டுகள் கடந்தும் தமிழ் பேசும் இல்லங்களில் சீறாப்புராணம் ஓதப்படுகிறதே, பள்ளியிலும் கல்லூரியிலும் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அதைப் படிக்கிறார்களே, அதுதான் அவர் செத்தபின்னும் கொடுத்துக்கொண்டிருக்கும் கொடை. மனிதன் இறந்தபின்னும் தொடரும் நன்மைகளில் நிலையான தர்மத்தையும் பயனுள்ள கல்வியையும் நபிகளார் (ஸல்) எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு நூலில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

இன்றும் நம் சமுதாயத்தில் கொடுக்கிறவர்களுக்குக் குறைவில்லை. ரமளான் வந்தால் கஞ்சிக்கும், திருமணம் என்றால் விருந்துக்கும் தாராளமாகச் செலவிடுகிறோம். ஒரு நூல் அச்சாக, ஒரு நூலகம் திறக்க, எழுதத் தெரிந்த ஏழைப் பிள்ளை ஒன்று மேலே படிக்க உதவி கேட்டு வந்தால் மட்டும் யோசிக்கிறோம். பசித்தவருக்குச் சோறும் போட்டு, புலவருக்கு ஏடும் எழுத்தாணியும் கொடுத்தவர் சீதக்காதி. அந்த இரண்டாவது கையை நாம் மடக்கி வைத்துவிட்டோமா என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நல்லது.

கீழக்கரைக்குப் போகிறவர்கள் அந்தக் கல் பள்ளிவாசலுக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். தூண்களைக் காட்டிவிட்டு, ஒரு காப்பியத்தை வாழவைத்த மனிதரின் வரலாற்றையும் சொல்லிக்கொடுங்கள். அல்லாஹ் அவருடைய பணிகளைப் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.